உப்புக் குகையில் ஹைட்ரஜன்: காவல் காப்பது யார்?

அமெரிக்காவில் கான்ஸாஸ் ராஜ்யத்தில் ஹட்சின்ஸன் என்று ஓர் ஊர். உப்புக்குப் பெயர் போன ஊர். 2001-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி காலை, அந்த ஊர்க் கடைவீதியில் திடீரென்று வெடிச் சத்தம் கேட்டது. இரண்டு கடைகள் நாசமாயின. அன்று மாலை ஊரின் இன்னொரு பக்கத்தில், தரையைப் பிளந்துகொண்டு உப்புத் தண்ணீரும் வாயுவும் 30 அடி உயரத்துக்குச் சீறின. மறுநாள் மீண்டும் ஒரு வெடி. அதில் இரண்டு பேர் உயிர் இழந்தார்கள்.

இது யாரோ வைத்த வெடிகுண்டு அல்ல. ஊருக்குச் சுமார் 11 கிலோமீட்டர் தூரத்தில் யாகி என்ற இடம் இருக்கிறது. அங்கே பூமிக்கு அடியில், உப்புப் பாறைக் குகைகளில் எரிவாயுவைச் சேமித்து வைத்திருந்தார்கள். குகைக்குப் போகும் இரும்புக் குழாயில், தரைக்குக் கீழே சுமார் 600 அடியில், ஓர் ஓட்டை. கசிந்த வாயு பாறை இடுக்குகளில் ஊர்ந்து ஊருக்கு வந்து சேர்ந்தது. ஊருக்குள்ளே, உப்பு நீர் எடுப்பதற்காக அந்தக் காலத்தில் தோண்டிய கிணறுகள் இருந்தன. எங்கே இருந்தன என்பதைக்கூட ஜனங்கள் மறந்துவிட்டார்கள். வாயு மறக்கவில்லை. அவற்றின் வழியாக மேலே வந்துவிட்டது.

இந்தக் கதையை இப்போது சொல்வதற்குக் காரணம் உண்டு. இதே மாதிரி உப்புக் குகைகளில் இனி ஹைட்ரஜன் வாயுவை ஏராளமாக நிரப்பப் போகிறார்கள்.

குதிரில் நெல் போல

தண்ணீருக்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் பிரியும். வெயில் நன்றாக அடிக்கும்போது சூரிய மின்சாரம் மிஞ்சுகிறது. மிஞ்சிய மின்சாரத்தால் ஹைட்ரஜன் தயார் செய்து, பூமிக்குள் பத்திரப்படுத்தி, தேவையானபோது எரித்து மறுபடியும் மின்சாரம் எடுக்கலாம். அறுவடையில் வந்த நெல்லைக் குதிரில் கொட்டி வைப்பது போலத்தான்.

குதிர் எப்படிச் செய்கிறார்கள்? உப்புப் பாறை வரை துளை போட்டுத் தண்ணீரைச் செலுத்துகிறார்கள். உப்பு கரைகிறது. கரைந்த நீரை வெளியே எடுத்துவிட்டால் உள்ளே குகை உண்டாகிறது. யூட்டா ராஜ்யத்தில் டெல்டா என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் இப்படி இரண்டு குகைகளுக்குத் திட்டம் போட்டார்கள். ஒவ்வொன்றும் 45 லட்சம் பீப்பாய் கொள்ளளவு! இதற்காக 2022-ல் அமெரிக்க அரசாங்கம் 50 கோடி டாலருக்கு மேல் கடன் உத்தரவாதம் கொடுத்தது.

இது புது வித்தை அல்ல. இங்கிலாந்தில் டீஸைடு என்ற இடத்தில் 1972 முதலும், டெக்ஸாஸ் ராஜ்யத்தில் 1983 முதலும் உப்புக் குகையில் ஹைட்ரஜன் வைக்கிறார்கள். ஆனால் ஹைட்ரஜன் சாதுவான வாயு அல்ல. வாயுக்களிலேயே மிக லேசானது. சின்ன இடுக்கிலும் நுழைந்துவிடும். சில வகை எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். பகல் வெளிச்சத்தில் அதன் தீ நாக்கு கண்ணுக்கே சரியாகத் தெரியாது.

அப்படியானால் சட்டம் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்! இருக்கிறதா?

விதி இல்லாத விதி

ஹட்சின்ஸன் விபத்துக்குப் பிறகு கான்ஸாஸ் அரசாங்கம் கடுமையான விதிகளைப் போட்டது. பல ராஜ்யங்களுக்கு வாயு அனுப்பும் கம்பெனி ஒன்று கோர்ட்டுக்குப் போயிற்று. 2010-ல் தீர்ப்பு வந்தது. ராஜ்யங்களுக்கிடையே நடக்கும் வாயு வியாபாரத்துக்குப் பாதுகாப்பு விதி செய்யும் அதிகாரம் மத்திய அரசாங்கத்துக்கே உண்டு, கான்ஸாஸ் தலையிடக் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது.

சரி, மத்திய அரசாங்கத்திடம் அப்படி விதி இருந்ததா? இல்லை! விதி வைத்திருந்தவனுக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவனிடம் விதி இல்லை. இரண்டு பேர் செத்த ராஜ்யத்திலேயே, அந்தக் கம்பெனிகளின் கிடங்குகளைச் சோதிக்க ஆள் இல்லாமல் போயிற்று.

பிறகு 2015 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் அலிஸோ கான்யன் கிடங்கில் ஒரு பழைய கிணறு உடைந்து, சுமார் நான்கு மாதம் வாயு கொட்டியது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. அதற்கப்புறம்தான் 2016-ல் மத்தியச் சட்டம் பிறந்தது. அதிலும் ஒரு சங்கதி. பூமிக்கடியில் உள்ள கிடங்குகளுக்கான அந்த விதி "இயற்கை எரிவாயு" என்றே பேசுகிறது. ஹைட்ரஜன் கொண்டுபோகும் குழாய்க்கு மத்திய விதி உண்டு. குழாய் போய்ச் சேரும் குகைக்கு அந்த விதி எட்டவில்லை. வீதியில் போலீஸ் நிற்கிறது, வீட்டுக்குள் யாரும் இல்லை என்பது போல!

மிச்சம் ராஜ்யங்களின் பொறுப்பு. டெக்ஸாஸ் 2023-ல் சட்டம் திருத்தி, பூமிக்கடியில் ஹைட்ரஜன் வைப்பதைத் தன் ரயில்வே கமிஷனின் கீழ் கொண்டுவந்தது. (பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். எண்ணெய், எரிவாயு விவகாரங்களைக் கவனிப்பதே அந்தக் கமிஷன் வேலை. ரயிலுக்கும் அதற்கும் இப்போது சம்பந்தமில்லை!)

கூண்டை விட்ட கிளி

இன்னொரு கேள்வி: பூமிக்குள் விட்ட வாயு யாருக்குச் சொந்தம்?

கென்டக்கி ராஜ்யத்தில் ஒரு கம்பெனி, தீர்ந்துபோன வாயு ஊற்று ஒன்றில் வாயுவை நிரப்பி வைத்தது. அந்த ஊற்றின் ஒரு மூலை ஒரு பெண்மணியின் 54 ஏக்கர் நிலத்துக்கு அடியிலும் பரவியிருந்தது. "என்னைக் கேட்காமல் என் நிலத்துக்குள் எப்படி வைக்கலாம்?" என்று அந்த அம்மாள் வழக்குப் போட்டார். 1934-ல் தீர்ப்பு. காட்டு மிருகத்தைப் பிடித்தவன் அதைத் திரும்பக் காட்டில் விட்டுவிட்டால் அவனுக்குச் சொந்தம் போய்விடும், வாயுவும் அப்படியே, கம்பெனிக்குச் சொந்தமில்லாத வாயு உள்ளே நுழைந்ததற்குக் கம்பெனி பொறுப்பல்ல என்றது கோர்ட்டு.

வழக்கில் ஜெயித்தது கம்பெனிதான். ஆனால் பறிபோனது வாயுவின் சொந்தம். கூண்டை விட்ட கிளியை யாரும் பிடித்துக்கொள்ளலாம் அல்லவா? 1987-ல்தான் கென்டக்கி உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொன்னது. நல்ல அடைப்புள்ள ஊற்றில் வைத்த வாயு, வைத்தவனுக்கே சொந்தம் என்றது. இந்தத் தெளிவு வர 53 ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு ராஜ்யத்தில், எரிவாயு விஷயத்தில்.

உப்புக் குகையில் இந்தத் தகராறு குறைவு. நான்கு புறமும் சுவர் இருக்கிறது. ஆனால் எல்லா ஊரிலும் உப்புப் பாறை கிடையாது. அங்கெல்லாம் காலியான பழைய எண்ணெய், வாயு ஊற்றுகளைத்தான் தேட வேண்டும். அவை பல பேருடைய நிலங்களுக்கு அடியில் பரவிக் கிடக்கும். எத்தனை பேரிடம் சம்மதம் கேட்பது, வாடகை யாருக்குக் கொடுப்பது, கம்பெனி முப்பது வருஷம் கழித்து மூடிவிட்டுப் போனால் கிணற்றை யார் பார்த்துக்கொள்வது? இவற்றில் கடைசிக் கேள்விதான் பெரியது என்று எனக்குத் தோன்றுகிறது. உரிமைக்குச் சண்டை போட ஆள் கிடைப்பார்கள். பொறுப்புக்கு யார் வருவார்கள்?

உடையவர் இல்லாமல் விட்டுப்போன எண்ணெய், வாயுக் கிணறுகள் அமெரிக்காவில் கணக்கில் வந்தவை மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். அவற்றை அடைப்பதற்கு 2021-ல் அந்த நாட்டுச் சட்டசபை 470 கோடி டாலர் ஒதுக்கியது. ஹட்சின்ஸனில் இருந்தது போன்ற பழைய உப்பு நீர்க் கிணறுகள் அந்தக் கணக்கில் சேரவில்லை.