முன்பணமும் கஞ்சித் தொட்டியும்

கப்பல் தொழிலாளியைப் பற்றி நாம் தலையங்கம் எழுதினால், "நமக்கும் கடலுக்கும் என்ன?" என்று ஆலைத் தோழரும் வயல் தோழரும் கேட்கக்கூடும். கேட்கட்டும். விடியற்காலையில் மில் கேட்டில் பதிலி வேலைக்காக நின்று மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தவரும், என்றோ வாங்கிய கடனுக்காக ஆண்டு முழுவதும் பண்ணையில் கிடந்தவரும், இந்தக் கதையைப் பாதி படிப்பதற்குள் மீதியைத் தாமே சொல்லிவிடுவார்கள்.

அமெரிக்கத் துறைமுகங்களில் கப்பலேறிய பழைய மாலுமிகள் தம் வாழ்க்கையைச் சொல்லும்போது மூன்று விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கரையில் தங்கிய மிஷன் விடுதி; கைக்கு வராமலே போன முன்பணம்; பிறகு வந்த சங்கம். இம்மூன்றும் தனித்தனிக் கதைகளல்ல. வேலைக்குப் போகும் வாசலில் யார் நிற்பது என்ற ஒரே கேள்விதான் மூன்றிலும் இருக்கிறது.

பாய்மரக் கப்பல் காலத்தில் அந்த வாசலில் நின்றவன் தரகன். கிரிம்ப் என்று மாலுமிகள் அவனைத் திட்டினார்கள். சான்பிரான்சிஸ்கோவிலோ நியூயார்க்கிலோ கப்பல் வந்து சேருமுன்பே விடுதிக்காரனின் ஆட்கள் மேலே ஏறிவிடுவார்கள். படுக்கை, சோறு, சாராயம், ஓர் எண்ணெய்க் கோட்டு, எல்லாம் கணக்கில். சில வாரங்களில் கணக்கு கழுத்துக்கு வந்ததும், விடுதிக்காரனே மாலுமியைக் கொண்டுபோய் ஒரு கப்பலில் கையெழுத்துப் போட வைப்பான். ஒரு மாதச் சம்பளமோ இரண்டு மாதச் சம்பளமோ முன்பணம். அது மாலுமியின் கையைத் தொடாது. நேரே விடுதிக்காரன் பெட்டிக்குப் போகும். ஆளைச் சேர்த்துக் கொடுத்ததற்குக் கப்பல் தலைவனிடமும் அவனுக்குத் தனிக் கூலி உண்டு. அதை மாலுமிகள் இரத்தப் பணம் என்றார்கள்.

ஆக, கடலில் முதல் மாதம் முழுவதும் அவன் பழைய கடனுக்கு உழைத்தான். அந்த மாதத்து வேலைக்கு மாலுமிகள் இட்ட பெயர் 'செத்த குதிரை'. மாதம் முடியும் நாளில் கந்தலும் வைக்கோலும் திணித்துக் குதிரை ஒன்று செய்து, பாய்மரக் கையில் ஏற்றிக் கட்டி, பாட்டோடு கடலில் அறுத்து விடுவார்கள். கடன் தீர்ந்த நாளைத் திருவிழாவாகக் கொண்டாடியவர்கள் அடுத்த கரையில் அதே தரகனின் உடன்பிறந்தானிடம் மாட்டினார்கள்.

சட்டம் இல்லாமலா போயிற்று? முன்பணம் கூடாது என்று 1884இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் செய்தது. 1886லேயே 'பழைய கடன்காரனுக்கு மட்டும் கொடுக்கலாம்' என்று பின்கதவைத் திறந்துவிட்டது. பழைய கடன்காரன் யார் என்று சொல்லவும் வேண்டுமா! 1897இல் இன்னும் மோசம். அராகோ என்ற கப்பலை விட்டு இறங்கிய நான்கு மாலுமிகளைப் பிடித்துச் சிறையில் அடைத்தது செல்லும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கட்டாய வேலையை ஒழித்த அரசியல் சட்டத் திருத்தம் மாலுமிகளுக்குப் பொருந்தாதாம். அடிமை முறை ஒழிந்து முப்பது ஆண்டுகள் கழிந்த நாட்டில் இந்த நியாயம்!

நார்வேயில் பிறந்து பாய்மரக் கப்பலில் உழைத்த ஆண்ட்ரூ ஃபுருசெத், மாலுமிகள் சங்கத்தின் தலைவராக இருபதாண்டுகளுக்கு மேல் முட்டி மோதியதன் பலன் 1915ஆம் வருஷச் சட்டம். வேலையை விட்டால் சிறை என்பது போயிற்று. கடன்காரனுக்கு முன்பணம் கட்டுவது போயிற்று. துறைமுகத்தில் அதுவரை உழைத்த சம்பளத்தில் பாதியைக் கேட்டு வாங்கும் உரிமை வந்தது. பெரிய வெற்றிதான். ஆனால் அதே சட்டத்தில், கப்பல் ஆட்களில் பெரும்பகுதியினர் அதிகாரிகளின் மொழியை அறிந்திருக்க வேண்டும் என்றொரு விதியும் இருந்தது. ஆசிய மாலுமிகளை வெளியே தள்ளுவது அதன் நோக்கம். ஃபுருசெத் அதை மறைக்கவுமில்லை. தன் சங்கிலியை உடைத்த கையால் அடுத்தவன் முகத்தில் கதவைச் சாத்தினார்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

1921ஆம் வருஷ வேலைநிறுத்தம் தோற்றது. சம்பளம் வெட்டப்பட்டது, சங்கம் நொறுங்கியது. தரகன் நின்ற இடத்தில் இப்போது கம்பெனியின் ஆள்பிடிக்கும் ஆபீசும் அதன் கறுப்புப் பட்டியலும் நின்றன. வேலையில்லாத மாலுமிக்கு மிஷன் விடுதியே கதி.

நியூயார்க் சவுத் ஸ்டிரீட் 25ஆம் எண்ணில் 1913இல் திறந்த மாடிக் கட்டடம் மாலுமிகளுக்கான மிஷன்களில் பேர்போனது. ஆயிரத்துக்கு மேல் படுக்கை, ஜெபக் கூடம், தபால், பெட்டி வைக்க இடம், சேமிப்பு, வேலை தேடித் தரும் மேஜை எல்லாம் உண்டு. தரகனின் பிடியிலிருந்து மாலுமியைக் காப்பாற்ற வேண்டும் என்று பாதிரிமார் மனமாரவே நினைத்தார்கள். அதை நாம் மறுக்கவில்லை. குளிரில் ஒரு கோப்பை காப்பி சிறிய காரியமல்ல. பின் ஏன் மாலுமிகள் அதை 'நாய்க் கூண்டு' என்று அழைத்தார்கள்? முப்பதுகளின் பஞ்சத்தில் அந்தக் காப்பிக்காகத் தலைகுனிய வேண்டியிருந்தது. பணக்காரர் நன்கொடையில் நடக்கும் வீட்டில், கப்பல் முதலாளியை எதிர்த்து நோட்டீஸ் கொடுத்தால் வெளியேதான். கஞ்சித் தொட்டி யார் கையில் இருக்கிறதோ, அவன் சொல்லுக்கு வரிசை அசையும்.

பால்டிமோர் துறைமுகத்தின் மாலுமிகள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1934இன் தொடக்கம். வேலையற்ற மாலுமிகளுக்குச் சர்க்கார் கொடுத்த நிவாரணப் பணம் அங்கே வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தார் நடத்திய விடுதியின் வழியாக வந்துகொண்டிருந்தது. சோறும் சரியில்லை, மரியாதையும் இல்லை. கம்யூனிஸ்டுகள் முன்னின்று கட்டிய கடல் தொழிலாளர் யூனியன் அங்கே கூட்டம் போட்டது. சோறு போதாது என்று மட்டும் அவர்கள் கேட்கவில்லை. நிவாரணத்தை நாங்களே நடத்துகிறோம் என்றார்கள். போராடி அதைப் பெற்றார்கள்! தேர்ந்தெடுத்த கமிட்டி சோற்றையும் படுக்கையையும் பார்த்துக்கொண்டது. கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் ஒரே கூடம், ஒரே மேஜை.

பிறகு அடுத்த படி. கப்பல் கம்பெனியின் ஆள்பிடிப்பவனிடம் யாரும் போவதில்லை என்று முடிவு செய்தார்கள். மாலுமிகளே ஒரு பதிவு ஆபீஸ் திறந்தார்கள். முதலில் கரையிறங்கியவன் பெயர் பட்டியலில் முதலில். கம்பெனிக்கு ஆள் வேண்டுமானால் பட்டியலின் தலையிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும். லஞ்சமில்லை, சிபாரிசில்லை, தோல் நிறம் பார்ப்பதில்லை. கம்பெனிகள் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பட்டியலிலிருந்து ஆளெடுத்தன. 'பால்டிமோர் சோவியத்' என்று அதற்குப் பெயர் வந்தது. சில மாதங்கள்தான். சர்க்கார் நிவாரணத்தைத் திரும்பப் பிடுங்கியது, பட்டியலும் சிதறியது.

ஆனால் கண்டதை மறப்பார்களா? அதே ஆண்டு மேற்குக் கரையில் துறைமுகத் தொழிலாளரும் மாலுமிகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 5ஆம் நாள் சான்பிரான்சிஸ்கோவில் போலீஸ் சுட்டு இரண்டு பேர் மாண்டனர். நகரமே வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஆளனுப்பும் கூடத்தில் பட்டியலைக் கையாளும் ஆளைச் சங்கமே தேர்ந்தெடுக்கும் உரிமை துறைமுகத் தொழிலாளருக்குக் கிடைத்தது. 1936இல் கலிபோர்னியா என்ற கப்பலின் மாலுமிகள் வேலையை நிறுத்த, அந்தக் கிளர்ச்சியின் வழியே கிழக்குக் கரையில் 1937இல் தேசிய கடல் தொழிலாளர் யூனியன் பிறந்தது. பால்டிமோரின் சுழல் முறைப் பட்டியல் அதன் கூடங்களில் மறுபடி உயிர் பெற்றது. ஜமைக்காவில் பிறந்த கறுப்பர் ஃபெர்டினாண்ட் ஸ்மித் அதன் உயர்ந்த பொறுப்பில் அமர்ந்தார்.

பின்னால் நடந்ததும் தெரியவேண்டும். நாற்பதுகளின் இறுதியில் தலைவர் ஜோசப் கரன் கம்யூனிஸ்டுகள் மீது திரும்பினார். சங்கத்தைக் கட்டியவர்களே அதிலிருந்து விரட்டப்பட்டார்கள். ஸ்மித் 1951இல் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. கரனோ 1973 வரை நாற்காலியில் இருந்தார். கூடத்தின் வாசல் உறுப்பினர் கையிலிருந்து தலைவர் கைக்கு மாறினால் அங்கும் ஒரு மேஸ்திரி முளைப்பான்.

நம் நாட்டில்? கல்கத்தாவிலும் பம்பாயிலும் கப்பலேறியவர்களுக்கு சேரங்கும் தரகனும் வட்டிக்குக் கொடுக்கும் விடுதிக்காரனும்தான் வாசல். லஞ்சம் கொடுக்காமல் வேலை இல்லை என்ற நிலையை 1931இல் விட்லி கமிஷனே எழுதி வைத்தது. 2006இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் நிறைவேற்றிய கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்தில் இந்தியா 2015இல் சேர்ந்தது. வேலை வாங்கித் தர மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அது. ஆயினும் நம் கடற்கரை மாவட்டங்களில் நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று, ஏஜெண்டிடம் லட்சக்கணக்கில் கட்டிவிட்டுக் கப்பலேறும் பிள்ளைகள் இருக்கிறார்கள். செத்த குதிரை இப்போது கப்பலேறுமுன்பே முதுகில் ஏறிவிடுகிறது. சம்பளமும் சோறுமின்றி முதலாளி கைவிட்ட கப்பல்களில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 3,000க்கு மேற்பட்ட மாலுமிகள் சிக்கினார்கள் என்று சர்வதேசப் போக்குவரத்துத் தொழிலாளர் சம்மேளனம் கணக்குச் சொல்கிறது. அதில் இந்தியர்களே அதிகம். அவர்களுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோனவர்களில் மிஷன்காரர்களும் உண்டு, நன்றி சொல்வோம். பாக்கிச் சம்பளத்தை வாங்கித் தரச் சங்கம் வேண்டும்.

ஆலையிலும் வயலிலும் உழைக்கும் நம் தோழர்களின் தம்பிகளும் பிள்ளைகளும்தான் இப்படிப் போகிறார்கள். எந்த வீட்டிலாவது பையன் கப்பலுக்குக் கிளம்பினால் நம் கிளைத் தோழர்கள் அன்றே அங்கு போய்க் கேட்கவேண்டும்: ஏஜெண்டின் லைசென்ஸ் எண் என்ன, பணம் கேட்டானா, கொடுத்திருந்தால் ரசீது எங்கே, ஒப்பந்தத்தின் நகல் வீட்டில் இருக்கிறதா?