அரசிடம் இருக்கும் தாளை அரசே பார்க்கட்டும்

தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் அவர்களுக்கு,

கிராமத்தில் வீடு கட்ட அனுமதி பற்றிய மடல் என்றால் அது ஊரக வளர்ச்சித் துறைக்குத்தானே போக வேண்டும் என்று தோன்றலாம். அனுமதி தருவது ஊராட்சிதான். ஆனால் அது பின்பற்றும் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வீட்டுவசதித் துறையுடையவை. விண்ணப்பதாரரிடம் கேட்கப்படும் பட்டாவும் புலப்படமும் வருவாய்த் துறையின் பதிவுகள். மூன்று துறைகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்கக்கூடியவர் தாங்கள் என்பதால் இதைத் தங்களுக்கு எழுதுகிறேன்.

2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்று முறை நல்ல முறை; அதில் சந்தேகமில்லை. 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் கட்டடமும் இருந்து, தரைத்தளமோ அதன்மேல் ஒரு தளமோ கட்டுவதானால், ஆவணங்களை இணையத்தில் ஏற்றிக் கட்டணம் செலுத்தியதும் அனுமதி கிடைத்துவிடுகிறது. களஆய்வு இல்லை, பரிசீலனைக் கட்டணம் இல்லை. ஆனால் இந்த முறை வேகப்படுத்தியது வரைபடத்தை. கிராமத்தில் வரைபடம் எப்போதுமே சிக்கலாக இருந்ததில்லை. மூன்று அறையும் ஒரு திண்ணையும் வரைய எத்தனை நேரம் ஆகும்? தடங்கல் எல்லாம் நிலத்தின் தாளில் இருக்கிறது. தாத்தா பெயரிலேயே கிடக்கும் கூட்டுப் பட்டாவில் தன் பங்கைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால் உட்பிரிவுக்கு மனுப் போட்டு, சர்வேயர் வந்து அளக்கும் வரை காத்திருக்க வேண்டும். மூன்று தலைமுறையாகக் குடியிருக்கும் நத்தத்து மனைக்கு வீட்டு வரி ரசீது கட்டுக்கட்டாக இருக்கும். பட்டா மட்டும் வேறு பெயரில் இருக்கும். சொந்த வயலின் ஓரத்தில் கட்டலாம் என்றால் அது நன்செய். நிலப் பயன் மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம், அதற்கு வேளாண் துறையின் கருத்து. இவற்றையெல்லாம் முடித்துவிட்டு வருபவருக்குத்தான் உடனடி அனுமதி. புறநகரில் மனை வாங்கியவருக்குப் பொருந்தும் இந்த முறை ஊர்க்காரருக்குக் கடைசிப் படியை மட்டும் சுலபமாக்கியிருக்கிறது.

ஆகவே நான் கேட்பது விதித் தளர்வு அல்ல. நிலம் எது, அதன் வகைப்பாடு என்ன என்பதை நிரூபிக்கும் சுமையை வீடு கட்டுபவரின் தலையிலிருந்து இறக்கி அரசின் தலையில் வையுங்கள். பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் எல்லாம் அரசின் இணையதளத்திலேயே இருக்கின்றன. ஒரு துறையிடம் இருக்கும் தாளை இ-சேவை மையத்தில் அச்செடுத்து இன்னொரு துறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் தபால்காரர் வேலையைக் குடிமகன் ஏன் பார்க்க வேண்டும்? விண்ணப்பத்தில் புல எண்ணைக் கொடுத்ததும் பதிவேடு தானாகத் திறக்கட்டும். ஏரி, குளம், ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு என்றிருந்தால் அங்கேயே காரணத்தோடு நிராகரியுங்கள். கூட்டுப் பட்டா என்றால் மற்றப் பங்காளிகளின் எழுத்துபூர்வ சம்மதத்தைப் பெற்று அனுமதி கொடுங்கள். பிறகு அது பாகப்பிரிவினை வழக்காக முளைக்காதா என்று வருவாய்த் துறை கேட்கும். கட்டட அனுமதி யாருக்கும் நில உரிமையை உண்டாக்குவதில்லை என்பது நிலைபெற்ற சட்டம். அதை அனுமதி ஆணையிலேயே அச்சிட்டுவிடலாம்.

ஆய்வைக் குறைத்தால் நீர்நிலைகள் பறிபோகும் என்பது கனமான ஆட்சேபம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியதையும் தாமிரபரணிக் கரை ஊர்கள் பட்ட பாட்டையும் பார்த்த பிறகு அதை யாரும் லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஓடைக்குள் வீடு கட்டுகிறவர் அனுமதிக்கு விண்ணப்பிப்பதே இல்லை. கடுமையான தாள் நடைமுறை தடுப்பது விண்ணப்பிக்க வருகிற நேர்மையானவரை. அனுமதி எளிதானால் அதற்கு வெளியே நிற்கும் வீடுகள் குறையும். மிச்சத்தைக் கண்டுபிடிப்பதும் எளிதாகும். களஆய்வு வேண்டுமென்றால் அஸ்திவாரம் தோண்டும்போது வாருங்கள். கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாயை அரசு மொத்தமாகக் கையில் கொடுத்துவிடுவதில்லை. வேலை நிலைக்கு நிலை எழும்பியதைப் பார்த்துத் தவணையாகத்தான் விடுவிக்கிறது. பார்க்க ஆளும் முறையும் ஊராட்சி ஒன்றியத்திலேயே இருக்கின்றன என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இன்னொரு வாதமும் உண்டு, பெரும்பாலும் வாய்விட்டுச் சொல்லப்படாதது: கிராமத்தில் யார் வந்து இடிக்கப் போகிறார்கள், அப்படியே விட்டுவிடலாமே. இதுவரை அது ஓடியது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிறைவுச் சான்றைப் பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்புகளும் வங்கிக் கடனும் தர வேண்டும் என்று சொல்லிவிட்டது. சுயசான்றில் கட்டிய வீட்டுக்கு நிறைவுச் சான்றிலிருந்து விலக்கு இருக்கிறது. அனுமதியே இல்லாத வீடு எந்த விலக்கைக் கேட்கும்? வங்கிக் கடன் கிடைக்காதவர் கந்துவட்டிக்குப் போவார். விட்டுவிடுவது கருணை போலத் தெரியும். அதன் செலவைக் கட்டுவது அந்தக் குடும்பம்தான்.

போதாக்குறைக்கு, பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து பொறுப்பு தனி அலுவலர்களிடம் போனது. தெருவில் நிறுத்திக் கேட்க ஒரு தலைவர் இருந்த இடத்தில், பல ஊராட்சிகளைச் சுமக்கும் ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர். கேள்வி கேட்கவே ஆள் எட்டாத இடத்தில் காலக்கெடுவாவது எழுத்தில் இருக்க வேண்டும். புல எண்ணோடு விண்ணப்பித்து 30 நாட்களுக்குள் காரணம் காட்டி மறுக்காவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகவே கொள்ளப்படும் என்று மூன்று துறைகளும் சேர்ந்து ஓர் அரசாணை பிறப்பிக்கட்டும். மாநிலம் முழுவதற்கும் தயக்கமாக இருந்தால், கூட்டுப் பட்டாக்கள் அதிகமுள்ள ஒரு வட்டத்தில் ஓராண்டு நடத்திப் பாருங்கள். எத்தனை விண்ணப்பங்கள் வந்தன, எத்தனை எந்தக் காரணத்துக்காக மறுக்கப்பட்டன என்பதை ஊராட்சிவாரியாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடிமகன்