கடல் சுடுகிறது, கைகட்டி நிற்பதா?

"கடல் கொதித்தால் நாங்கள் என்ன செய்வது?" என்று கைவிரிக்கிறார்கள் அதிகாரிகள். தோழர்களே, இது தட்டிக்கழிக்கும் பேச்சு!

சூடு தாங்காத பவளம், தனக்குச் சோறு போடும் நுண்பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கிறது. வெளுத்தது செத்ததல்ல, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். பட்டினி கிடப்பவனை உதைக்கலாமா?

2010-ல் வெளுப்பைக் கண்ட தாய்லாந்து, 2011 ஜனவரியில் 18 முக்குளிப்பு இடங்களை மூடியது. நமது மன்னார் வளைகுடாவிலும் 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்தது. இங்கே செய்ய வேண்டியது என்ன?

சாக்கடையையும் ஆலைக் கழிவையும் தடுத்து நிறுத்து! பவளப் பாறைமீது நங்கூரம் பாய்ச்சுவதைத் தடை செய்! பாசி மேயும் மீன்களைக் காப்பாற்று! தடை நாட்களில் படகுத் தொழிலாளிக்கு நிவாரணம் கொடு!

கடலைச் சுட வைத்தது கூலிக்காரன் அடுப்பல்ல; முதலாளியின் புகைபோக்கி!