பிரயாண எச்சரிக்கை யாருக்கு?

தொற்றுநோய் வந்தால் சர்க்கார் முதலில் வெளியிடுவது "பிரயாணம் செய்யாதீர்" என்ற எச்சரிக்கைதான். அது எப்போது நியாயம், எப்போது வெறும் சடங்கு என்பதை உழைக்கும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நோய் ஓரிடத்தில் இருந்து, மற்ற இடங்களில் இல்லாதபோது எச்சரிக்கைக்குப் பொருள் உண்டு. 2020 ஜனவரியில் வூஹான் நகரில் கொரோனா மூண்டபோது, அங்கிருந்து வந்தவர்களைக் கேரளம் தேடிக் கண்டு தனியே வைத்துக் கவனித்தது. நியூஸிலாந்து, நோய் வேரூன்றுமுன் மார்ச் 19-ல் அயல்நாட்டார் வரவை அடைத்துப் பலன் கண்டது. இவற்றை நாம் குறைகூறவில்லை.

ஆனால் வெள்ளம் வயல் நிறைந்தபின் மடையை அடைத்து என்ன பயன்? தமிழகமெங்கும் நோய் பரவிவிட்ட 2020 ஜூன் கடைசியில், மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும் என்று மீண்டும் உத்தரவு வந்தது. ஆகஸ்ட் 31 வரை அது நீடித்தது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே வல்லநாடு, தூத்துக்குடி மாவட்டம். அம்பாசமுத்திரத்தை அடுத்த கடையம், 2019 நவம்பரில் பிரிந்த தென்காசி மாவட்டம். நடவுக்கும் அறுப்புக்கும் போய்வரும் பக்கத்து ஊர் அந்நிய நாடாயிற்று! இந்தப் பக்கமும் அதே நோய், அந்தப் பக்கமும் அதே நோய்; நடுவில் தடுப்புக்கட்டை!

"போகிறவன் நோயைக் கொண்டுபோக மாட்டானா?" என்று கேட்கலாம். கொண்டுபோவான். ஆனால் இருபுறமும் பரவிய நோய் எல்லைக்கோட்டுக்குக் காத்திருப்பதில்லை. காற்றோட்டமில்லாத மில் கூடமும் நெரிசலான பஸ்ஸும் சொந்த ஊரிலேயே நோயைத் தரும். திறந்த ஜன்னல், முகக்கவசம், பரிசோதனை, தடுப்பூசி இவையே காவல்.

உலகமும் பாடம் கற்கவில்லை. 2021 நவம்பர் 24-ல் ஒமைக்ரான் பற்றித் தென்னாப்பிரிக்கா உலக சுகாதார நிறுவனத்துக்கு அறிவித்தது. உடனே பணக்கார நாடுகள் ஆப்பிரிக்காவின் தென்பகுதிக்குக் கதவடைத்தன. நவம்பர் 19-லேயே நெதர்லாந்தில் எடுத்த மாதிரியில் அது இருந்தது பின்னர் தெரிந்தது. உண்மை சொன்ன நாட்டுக்குத் தண்டனை!

உல்லாசப் பிரயாணி வீட்டில் இருந்துவிடலாம். கூலிக்காரன் பிரயாணம் செய்வது அடுப்பு எரிவதற்காக. 2020 மார்ச் 24 இரவு 8 மணிக்கு அறிவித்து, நான்கே மணி அவகாசத்தில் நாட்டைப் பூட்டினார்கள். ரயிலும் பஸ்ஸும் இன்றி, லட்சக்கணக்கான தொழிலாளர் ஊருக்கு நடந்தார்கள். மே 8-ல் மகாராஷ்டிரத்தின் ஔரங்காபாத் அருகே, தண்டவாளத்தில் அயர்ந்து தூங்கிய 16 பேர் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள்.

நாம் கேட்பது இதுதான். நோய் அயலில் இருக்கும்போது எச்சரியுங்கள். எங்கும் பரவியபின் தடுப்புக்கட்டைக்குச் செலவிடுவதை ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் பிராணவாயுவுக்கும் செலவிடுங்கள். "போகாதே" என்று சொல்லும் ஒவ்வொரு நாளுக்கும் கூலி கொடுங்கள். அடுத்த தொற்று வருமுன் இதைச் சட்டமாக்குங்கள். கூலியில்லாத எச்சரிக்கை ஏழைக்குப் பட்டினி உத்தரவே!