அளவுகோல் சரியாக இருக்கட்டும்

உழைப்பவருக்கும் பெயரளவுக்கு வந்துபோகிறவருக்கும் ஒரே ஊதிய உயர்வு என்பது நியாயமல்ல என்று மக்கள் கருதுவதில் தவறில்லை. ஆனாலும், செயல்திறன் அடிப்படையிலான ஊதியம் என்றதும் மத்திய அரசு ஊழியர்கள் அஞ்சுவது ஏன்?

பதவி உயர்வு கிட்டாதவர்களுக்கு 10, 20, 30 ஆண்டுப் பணி முடிவில் அடுத்த ஊதிய நிலை வழங்கப்படுகிறது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி, அதற்கான தகுதி 2016-இல் 'நன்று' என்பதிலிருந்து 'மிக நன்று' என உயர்த்தப்பட்டது. பணியின் முதல் 20 ஆண்டுகளில் உரிய தகுதியை எட்டாதவர்களின் ஆண்டு ஊதிய உயர்வை நிறுத்திவைக்கவும் அக்குழு பரிந்துரைத்தது.

ஆக, 'நன்று' எனப் பெயரெடுத்தவரும் இழப்பைச் சந்திக்கிறார். அந்த மதிப்பீட்டை எழுதுபவர் மேலதிகாரி. விதிமீறலைச் சுட்டிக்காட்டிக் கோப்பில் மறுப்புக் குறிப்பு எழுதும் ஊழியருக்கு அவர் எத்தனை மதிப்பெண் தருவார்? ஊதியமும் அவர் கையில் இருந்தால் அந்தக் குறிப்பு எழுதப்படுமா?

பதவி உயர்வைத் தடுக்குமெனில் 'நன்று' என்ற பதிவும் பாதகமானதே. அதை ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்று 2008-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே மதிப்பீட்டு அறிக்கையை முழுமையாக ஊழியரிடம் காட்டும் நடைமுறை வந்தது. ஆனால், அதன்மீதான முறையீட்டை விசாரிப்பது நிர்வாகமே.

நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையிலான எட்டாவது ஊதியக் குழு இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். பணிக்கேற்ற அளவுகோலை முன்கூட்டியே அறிவிப்பதும், துறைக்கு வெளியே மேல்முறையீட்டு அமைப்பை ஏற்படுத்துவதும் முதல் வேலை. ஊதியத்தை மதிப்பெண்ணுடன் இணைப்பது அதன் பிறகுதான். இல்லையேல் வளர்வது செயல்திறன் அல்ல, பணிந்துபோகும் பழக்கமே!