தமிழில் தேசிய கீதம்: எமக்கும் உரிய விடயம்தான்

பெப்ரவரி 4 நெருங்கும்போதெல்லாம், தேசிய கீதம் தமிழிலும் பாடப்படுமா என்ற கேள்வி எழுகிறது. 2016இல் காலிமுகத்திடல் சுதந்திர தின நிகழ்வில் பாடப்பட்டது. 2020இல் கைவிடப்பட்டது. பின்னர் மீண்டும் ஒலித்தது. ஆட்சிக்கு ஏற்ப மாறும் இந்த விவகாரத்தில், "அது தமிழர்களின் பிரச்சினை" என்று எம்மவர்கள் பலர் ஒதுங்கிக்கொள்கிறார்கள்.

ஆனந்த சமரக்கோனின் கீதத்தை அதே மெட்டில் தமிழுக்குத் தந்தவர் புலவர் மு. நல்லதம்பி. அவர் கொழும்பு சாஹிராக் கல்லூரியில் தமிழ் கற்பித்தவர். அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியில் உள்ள அந்தக் கீதத்தைத்தான் தமிழ்மொழிமூல முஸ்லிம் பாடசாலைகளில் எமது பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் பாடுகிறார்கள். அதைத் தேசிய மேடையில் தவிர்த்தால் அந்தப் பிள்ளைகளுக்கு நாடு என்ன சொல்கிறது?

எனினும், மேடையில் பாடினால் மட்டும் போதாது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988இல் வந்த 16ஆவது திருத்தத்தின்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதிகளிலும் ஒருவர் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொண்டு, தமிழிலேயே பதில் பெற உரிமை உண்டு. எங்கள் ஹெந்தளைக்கும் இது பொருந்தும். ஆனால் சிங்களத்தில் மட்டும் வந்த கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி பெற்றோர் என்னிடம் கொண்டுவருவது இன்றும் நிற்கவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே கையொப்பமிட்டவர்களும் அவர்களில் இருக்கிறார்கள்.

சிங்களம் படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாணவர்களை நன்றாகப் படிக்கச் சொல்பவன் நான். அயலவரோடு வாழ அந்த மொழி தேவை. அதற்காகத் தாய்மொழியில் உள்ள உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மார்க்க விடயங்களில் பாதிப்பு வந்தால் உடனே குரல் கொடுக்கும் எமது சமூகம், மொழி விடயத்தில் மௌனமாக இருக்கிறது. அலுவலகத்தில் தமிழ்ப் படிவத்தைக் கேளுங்கள். மறுத்தால், 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுத்தில் முறையிடுங்கள். மஸ்ஜித் நிர்வாகங்கள் ஜும்ஆவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஒதுக்கி, மும்மொழி தெரிந்த இளைஞர்களைக் கொண்டு இதற்கு உதவலாம். செலவில்லாத இந்த வேலையை அடுத்த வெள்ளிக்கிழமையே தொடங்கலாம்.