கிற்றாரும் ஆற்றுப்படையும்

விழா மலரொன்றிற்கு எழுதப் புகும் தமிழாசிரியன் திருக்குறளின் மாண்பையோ கம்பனின் கவிநயத்தையோ எடுத்துக்கொள்வது வழக்கம். யான் இம்முறை கிற்றாரைப் பற்றி எழுதத் துணிகின்றேன். இந்துக் கல்லூரி மலரிலே கிற்றாருக்கு என்ன வேலை என்று பெரியோர் சிலர் முகஞ் சுளித்தல் கூடும். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

கேட்பது பெரிதன்று. கிழமையில் ஒரு நாள், பாடசாலை விட்ட பின்னர், வகுப்பறை ஒன்றைக் கிற்றார் பயில விரும்பும் மாணாக்கருக்குத் திறந்துவிடல் வேண்டும். அங்கே வித்துவான் ஒருவர் இருந்து போதிக்க வேண்டுவதில்லை. பரீட்சை வேண்டா; போட்டி வேண்டா; பரிசளிப்பு விழா மேடையும் வேண்டா. ஓரடி முன்னே சென்றவன் ஓரடி பின்னே நிற்பவனுக்குக் காட்டிக்கொடுக்கும் ஒரு குழாம் போதும்.

இதற்கு எழும் முதல் தடை, 'அது அந்நியக் கருவி' என்பது. வயலின் எந்நாட்டுக் கருவி? முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர் சென்னையிலே ஐரோப்பியரிடம் அதனைக் கற்றுக் கருநாடக இசைக்கு இசைவித்தார். இன்று வயலின் இல்லாத கச்சேரி நமக்குக் குறையுள்ளதாகத் தோன்றுகின்றது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இலே விலக்கி வைத்தது. 1971இலே அவ்விலக்கு தளர்ந்தது. அத்தனை ஆண்டுகளும் ஊர்தோறும் நாடக மேடையிலும் பசனை மடத்திலும் அக்கருவி ஒலித்துக்கொண்டே இருந்ததை நாம் அறிவோம். மாண்டலினிலே உப்பலப்பு ஸ்ரீநிவாஸ் வாசித்தபோது அது எங்கிருந்து வந்தது என்று எவர் கேட்டார்? கிற்றாரிலேயே கமகம் பிறழாது கீர்த்தனை வாசிக்கும் பிரசன்னா போன்றோரும் நம்மிடையே உளர்.

நம் தீவிலோ இக்கருவி விருந்தாளியும் அன்று. 1505இலே போர்த்துக்கேயர் கரையேறிய பின்னர் அவர்வழி வந்த இசை, மட்டக்களப்புப் பறங்கியரின் கபிரிஞ்ஞாவாகவும் பிற்காலத்துப் பைலாவாகவும் இங்கே வேரூன்றியது. 1960களிலே கிளாரன்ஸ் விஜேவர்தன சிங்கள மெல்லிசைக்கு மின் கிற்றாரைக் கொணர்ந்தார். அக்காலத்தை ஒட்டியே உரும்பிராய் தந்த நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' என்ற பாடலுடன் தமிழ்ப் பொப்பிசைக்கு வழி திறந்தார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' கடல் கடந்து தமிழகத்தையும் ஆட்டுவித்தது. அப்பாடல்களை இலங்கை வானொலியிலே கேட்டு வளர்ந்த பழைய மாணவர்கள், இன்று தம் புதல்வர் கிற்றார் கேட்டால் 'அது எங்கள் பண்பாடு அன்று' என்பது எனக்கு வியப்பாகவே உள்ளது.

நிற்க. யாழின் பெருமையைப் பேசாத தமிழ் விழா இல்லை. ஆயின் யாழை மீட்டியவர் நம்மில் யார்? விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து 1947இலே 'யாழ் நூல்' வெளியிட நேர்ந்தது, அக்கருவி மக்கள் கையை விட்டு நீங்கிவிட்டமையால் அன்றோ?

இனிப் பயிலும் முறைக்கு வருவோம். பலரும் அறியாதது இதுவே. கிற்றாரின் கழுத்திலே, வீணையிற்போல, மெட்டுகள் உள. ஒவ்வொரு மெட்டும் அரைச் சுரம் உயரும். பன்னிரண்டு மெட்டுகள் ஏறினால் மேல் ஸ்தாயி. நம் பன்னிரு சுரஸ்தானங்களும் அங்கே வரிசையாய் நிற்கின்றன. சுரங்கள் மூன்றை ஒருங்கே ஒலிப்பிப்பதை மாணவர் 'கோட்' என்பர். ஷட்ஜமும் அந்தர காந்தாரமும் பஞ்சமமும் கூடினால் 'மேஜர்'. காந்தாரத்தை மட்டும் ஒரு மெட்டு இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் 'மைனர்'. மலர்ந்திருந்த ஒலி உடனே வாடிவிடும்.

தொடக்கத்திலே விரல் நுனி நோகும். தோல் தடிக்கும் வரை பொறுத்தல் வேண்டும். மெட்டின்மீது அழுத்தாது, அதற்குச் சற்றுப் பின்னே அழுத்தினால் ஒலி தெளியும். 'சி' என்னும் கோட்டிலிருந்து 'ஏ மைனர்' என்பதற்கு மாறும்போது புதியவன் மூன்று விரல்களையும் தூக்கிவிட்டு மீண்டும் தேடித் தேடி வைக்கின்றான். அதற்குள் பாட்டு எங்கோ போய்விடும். அருகிலிருக்கும் தோழன், 'இரண்டு விரலை எடுக்காதே, மோதிர விரலை மட்டும் மாற்று' என்கின்றான். ஐந்தாம் கம்பியின் மூன்றாம் மெட்டிலிருந்த விரல் மூன்றாம் கம்பியின் இரண்டாம் மெட்டுக்கு வந்தால் வேலை முடிந்தது. சங்கீதம் பயின்ற மற்றொருவன், ஷட்ஜமும் காந்தாரமும் நின்றபடியே நிற்கப் பஞ்சமம் தைவதமாகியது என்று அதற்குக் காரணமும் கூறுவான். ஒருவனுடைய கைப்பழக்கமும் மற்றவனுடைய சுர ஞானமும் அவ்வாறு ஓரிடத்திலே கூடுவதற்குத் தனியறையில் வழியில்லை.

'எஃப்' என்னும் கோட்டைப் பற்றியும் சொல்லல் வேண்டும். அதிலே சுட்டுவிரல் ஆறு கம்பிகளின் மீதும் கிடையாய்ப் படிதல் வேண்டும். தனியே கற்போர் பலர் கருவியைக் கட்டிலின் கீழே தள்ளிவிடுவது இவ்விடத்திலேதான். கைப்பேசித் திரையிலே தோன்றும் ஆசான் எத்துணை வல்லவராயினும், இவனுடைய மணிக்கட்டு வளைந்திருப்பதை அவர் காணார். பக்கத்திலிருப்பவன் காண்பான். 'மச்சான், இப்போதைக்கு மெல்லிய நாலு கம்பியை மட்டும் பிடி. மற்றது பிறகு வரும்' என்பான். அந்த ஒரு சொல்லால் ஓராண்டு முயற்சி காப்பாற்றப்படும்.

இதனைக் கேட்கும்போதெல்லாம் என் உள்ளம் பத்துப்பாட்டுக்குச் செல்கின்றது. சிறுபாணன் சீறியாழ் உடையவன், பெரும்பாணன் பேரியாழ் உடையவன் என்பர். பொருநர், சிறுபாணர், பெரும்பாணர், கூத்தர் என்னும் நால்வகைக் கலைஞர்க்கும் ஆற்றுப்படை உண்டு. பரிசில் பெற்று மீள்பவன் எதிரே வருபவனைக் கண்டு, தான் போன வழியை மறையாது உரைக்கின்றான். பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டும் அம்மரபை வகுப்பிலே விளக்கிப் புள்ளி வழங்குகின்றோம். மணியடித்த பின் அதே மாணவனை, அடுத்தவனுக்குக் குறிப்புப் புத்தகத்தைக் காட்டாதே என்று தனியார் வகுப்புக்கு அனுப்புகின்றோம்.

கொட்டாஞ்சேனையிலே ஆலயப் பாடற் குழுக்களைச் சேர்ந்த பிள்ளைகள் அண்ணன்மாரின் பக்கத்திலிருந்தே கிற்றார் பழகிவிடுகின்றனர். பிழையாய் வாசித்தால் எவரும் நகைப்பதில்லை, அடுத்த ஞாயிறு மீண்டும் வாசிப்பர். வெள்ளவத்தையிலே நம் பிள்ளைகளோ அடுக்குமாடி வீடுகளில் வாழ்பவர்கள். ஒரு கோட்டை நூறு தடவை பிழையாய் மீட்டினாலன்றி அது படியாது. ஐம்பதாவது தடவையிலே அடுத்த வீட்டார் கதவைத் தட்டுவர். பிழை விடுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே என் வாதம். சங்கீத சபைத் தேர்விலும் சாதாரண தரத்திலும் பிழைக்கு இடமில்லை. அவற்றின் இயல்பு அது.

சங்கீத ஆசிரியர்களின் அச்சம் ஒன்றை மட்டும் யான் மதிக்கின்றேன். கோட்டின் இனிமையிலே பழகிய செவி இராகத்தின் நெளிவைக் கேளாது போகலாம் என்பர். உண்மையே. தோடிக்குக் கீழே கோட் மீட்டப் புகும் மாணவன் எவனாயினும் அவனைத் தடுத்தே ஆகல் வேண்டும். அதற்கு யானும் துணை நிற்பேன். ஆயின் சங்கீத வகுப்பிலே சேராத ஆண்பிள்ளைகளே நம்மிடம் மிகுதி. அவர்கள் தோடியைக் கைவிட்டுக் கிற்றாருக்கு வருபவர் அல்லர், எவ்விசையும் இல்லாதிருப்பவர்கள். கிரிக்கெட் அணியிலும் விவாத அணியிலும் பெயர் வாராது, கடைசி வாங்கிலே பேசாதிருந்து ஏழெட்டு ஆண்டுகளைக் கழிக்கும் பிள்ளையை ஆசிரியர் அனைவரும் அறிவர். அவன் சி கோட்டைப் பிடித்துக் காட்டினால் கீழ்வகுப்பு மாணவன் ஒருவன் அவனை 'அண்ணா' என்று தேடி வருவான். அப்பிள்ளைக்கு இக்கல்லூரி வேறெதனைக் கொடுத்திருக்கின்றது?

பழைய மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு அலுமாரியின் மேலே கம்பி துருவேறிக் கிடக்கும் கிற்றாரைக் கொணர்ந்து தாருங்கள். கம்பிகளை நாம் மாற்றிக்கொள்வோம். கழுத்து வளைந்த கருவியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது புதியவனின் விரலை வதைக்கும். ஓய்வுள்ளோர் வந்து பிள்ளைகளுடன் வாங்கில் அமருங்கள், சொற்பொழிவு வேண்டா. செவ்வாயும் வியாழனும் விளையாட்டுப் பயிற்சிக்குரியன. வெள்ளி கூட்டு வழிபாட்டுக்குரியது. புதன்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் என் வகுப்பறை வெறிதே கிடக்கின்றது. அதன் திறப்பு என்னிடம் உண்டு.